ஃபார்மட் பண்ணிப்போடலாங்களா?

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் மருந்து ஒன்றுதான் என்று ஒரு காலம் இருந்தது. பிரிண்டர் காகிதத்தை மென்று துப்பினாலும் சரி, ஸ்பீக்கரில் ஒரு பக்கம் மட்டும் பாட்டு வந்தாலும் சரி, கீபோர்டுக்குள் ரசம் கொட்டியிருந்தாலும் சரி, வந்து பார்க்கிற தம்பி ஒரு நிமிஷம் திரையை முறைப்பார். மவுஸை இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு, காய்ச்சலுக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே ஊசி போடுகிற டாக்டரின் நிதானத்தோடு கேட்பார்: "ஃபார்மட் பண்ணிப்போடலாங்களா?"

இவருக்கு விசிட்டிங் கார்டு கிடையாது. இவருடைய நம்பர், தினசரி காலண்டர் அட்டையின் ஓரத்தில், கேஸ்காரர் நம்பருக்கும் பால்காரர் நம்பருக்கும் நடுவே, 'கம்ப்யூட்டர் தம்பி' என்று பென்சிலில் எழுதப்பட்டிருக்கும். சொந்தப் பெயர் அவர் வீட்டு ரேஷன் கார்டில் மட்டும். படிப்பு பாலிடெக்னிக்காக இருக்கலாம், காந்திபுரத்து மாடிப்படி ஏறிப் படித்த ஆறு மாத ஹார்ட்வேர் கோர்ஸாகவும் இருக்கலாம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர். தோள்பையில் ஜிப் வைத்த சிடி பவுச். துடியலூரில் டீ குடித்துக்கொண்டே சிங்காநல்லூர் வீட்டுக்காரரிடம் "பத்தே நிமிசம், வந்தறனுங்" என்று சொல்லும்போது குரலில் ஒரு நடுக்கமும் இருக்காது.

வந்ததும் சிபியுவின் பக்கத் தகடைக் கழற்றுவார். உள்ளே வாயால் ஊதுவார். புழுதி அவர் முகத்துக்கே திரும்பி வரும், துடைத்துக்கொள்வார். அடுத்து, "பாப்பாகிட்ட ரப்பர் இருக்குதுங்களா?" என்பார். யூகேஜி பாப்பாவின் பையிலிருந்து ஸ்ட்ராபெரி வாசனை ரப்பர் வரும். ராம் கார்டின் தங்கப் பல்வரிசையை அதால் தேய்த்து, ஊதி, பழைய இடத்தில் 'டக்'கென்று அழுத்துவார். இதிலேயே பாதி மெஷின்கள் பிழைத்துக்கொள்ளும். தொடுமுனையில் படிந்த அழுக்குப் போனால் போதும், அவ்வளவுதான் சங்கதி. ஆனால் ரப்பரால் தேய்த்ததற்குக் காசு கேட்க முடியுமா? ஆகவே எப்படியும் ஃபார்மட்.

அதற்கு முன் சடங்காக ஒரு கேள்வி. "சி டிரைவ்ல ஏதாச்சும் வேணுங்களா?"

"அதுல ஒண்ணுமில்லீங் தம்பி. எல்லாம் டெஸ்க்டாப்புலதான் இருக்குது."

டெஸ்க்டாப் இருப்பதே சி டிரைவில்தான் என்பது இந்த ஜில்லாவில் பலருக்கும் மகள் கல்யாண போட்டோ காணாமல் போன அன்றைக்குத்தான் தெரியவந்தது. அனுபவப்பட்ட தம்பி பதிலை நம்பாமல் தானே தேடுவார். முதலில் டேலி. டேலி தன் டேட்டா போல்டரைத் தன் மடியிலேயே, அதாவது சி டிரைவிலேயே, வைத்திருக்கும் வழக்கம் அவருக்குத் தெரியும். சோமனூர் விசைத்தறிக்காரரின் மூன்று வருஷ வரவு செலவை ஒருமுறை அழித்துவிட்டு ஊர்ப்பக்கமே போக முடியாமல் தவித்த ஒரு தம்பியின் கதை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். சொல்லும்போது அந்தத் தம்பி எப்போதும் வேறு யாரோ ஒருவர்.

விண்டோஸ் எக்ஸ்பி போடுகிற தம்பியின் விரல்களை மட்டும் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். நீலத் திரை வந்ததும் எஃப் 8. அது உடன்படிக்கைக்குச் சம்மதம்; மைக்ரோசாஃப்ட் அத்தனை பக்கம் எழுதியதை அவரும் படித்ததில்லை, அவருடைய குருவும் படித்ததில்லை. பிறகு டி, என்டர், எல். மூன்று தட்டு, டிரைவ் காலி. ஒரு குடும்பத்தின் ஐந்து வருஷத்தை அழிக்கும்போது கண் டிவி சீரியல் பக்கம் இருக்கும்.

பைல்களெல்லாம் காப்பியாகி மெஷின் ஒருமுறை தானாக அணைந்து எழும். அப்போது 'சிடியிலிருந்து தொடங்க ஏதாவது ஒரு கீயை அழுத்தவும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். ஆரம்பத்தில் சிடியைப் போட்டதும் வந்த முதல் தடவை அழுத்தியே ஆக வேண்டும். இரண்டாம் தடவை அழுத்தவே கூடாது, அழுத்தினால் எல்லாம் ஆதியிலிருந்து. இந்த இரண்டாம் தடவைக்காகவே அந்த வீட்டில் ஒரு பொடுசு காத்திருக்கும். தம்பி தண்ணீர் குடிக்கத் திரும்புகிற நேரம் பார்த்து ஸ்பேஸ் பாரில் ஒரு குத்து. "டேய், மாமனைத் தொந்தரவு பண்ணாத" என்று உள்ளேயிருந்து ஒரு அதட்டல் மட்டும் வரும்.

அப்புறம் திரையில் வரும் 39 நிமிடம். எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளிவந்ததிலிருந்து உலகம் பூராவும் இதே 39தான். 34க்கு வந்ததும் நின்றுகொள்ளும். "அங்க சித்தெ நிக்குமுங், பயப்பட வேண்டாம்." இந்த 39 நிமிடம்தான் தம்பியின் உண்மையான தொழில் என்பது என் கட்சி. ஃபார்மட் எவன் வேண்டுமானாலும் பண்ணலாம். அடுத்தவர் வீட்டு ஹாலில் ஒன்றும் செய்யாமல், வேலை செய்கிற மாதிரி, அதுவும் முகம் கோணாமல் உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் வராது.

முதலில் சிறுவாணித் தண்ணீர் வரும். அதன் ருசியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் அவர் கோயம்புத்தூர்க்காரரே இல்லை. அடுத்து காபி. மத்தியானமாக இருந்தால் அரிசியும் பருப்புச் சாதம், நெய் ஊற்றி. "சாப்புட்டுட்டுத்தான் போகோணும் சாமி." வட்டலில் கை வைத்ததும் விசாரணை ஆரம்பமாகும். "தம்பிக்கு எந்த ஊருங்? அப்பா என்ன பண்றாருங்? தோட்டங்காடு இருக்குதுங்களா?" இந்தக் கேள்விகள் உண்மையில் எந்தக் கேள்வியைச் சுற்றி வருகின்றன என்று கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். தம்பி ஊரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்குவார். பதிலுக்கு அந்த வீட்டுப் பங்காளிச் சண்டை, பெரிய பையன் பீளமேட்டில் படித்துவிட்டுப் பெங்களூரில் வேலைக்குப் போன கதை, சின்னப் பெண் ஜாதகத்தில் செவ்வாய் எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். அதற்குள் பச்சைப் புல்மேடும் நீல வானமும் திரையில் வந்து நிற்கும். கலிபோர்னியாவின் சோனோமா பக்கம் சார்லஸ் ஓரியர் என்பவர் எடுத்த படம் அது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாரும் ஒத்துக்கொண்டதில்லை. "வால்பாறை போற வழிங் அது. நான் பாத்திருக்கறன்."

புராடக்ட் கீ 25 எழுத்து. எஃப், சி, கே, ஜி, டபிள்யூ என்று தொடங்குகிற ஒன்று, எக்ஸ்பி கடைக்கு வருமுன்னே கசிந்து உலகத்துக்கே பொதுச்சொத்தாகிவிட்டது. தன் பைக் நம்பரை யோசித்துச் சொல்கிற தம்பி இதை மூச்சு விடாமல் அடிப்பார். இது யார் வீட்டுச் சொத்து என்று கேட்டவரும் இல்லை, சொன்னவரும் இல்லை.

2008க்குப் பிறகு தம்பிக்கு மின்வெட்டு அட்டவணை மனப்பாடமாயிற்று. 2012இல் ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. 39 நிமிடமும் முன்னே பின்னே வேலையும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்கியாக வேண்டும். கரண்ட் வந்ததும் ஓட வேண்டியது ஃபார்மட் மட்டுமா? தோட்டத்தில் மோட்டார், வீட்டில் கிரைண்டர். மாவரைக்கிற கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கி வைத்திருக்கிற ஊர் இது. கிரைண்டரை நிறுத்தச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? கல் சுற்றத் தொடங்கியதும் வோல்டேஜ் இறங்கும், யுபிஎஸ் கூவும். தம்பி சமையலறைப் பக்கம் பார்த்து, "அக்கா, ஒரு பத்து நிமிசம்" என்பார். "உளுந்து ஊறிப்போச்சுங் தம்பி" என்று பதில் வரும். உளுந்துதான் ஜெயிக்கும்.

ஆனால் தம்பி உண்மையிலேயே மிரள்வது பிராண்டட் மெஷினைக் கண்டால்தான். அதற்குச் சிடி வராது. கம்பெனிக்காரன் விண்டோஸை ஹார்டு டிஸ்கின் ஓரத்தில் ஒரு தனி அறையில் வைத்துவிட்டு, 'ரெக்கவரி டிஸ்க்கை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்' என்று திரையில் கேட்பான். மூன்று நாலு டிவிடி பிடிக்கும். சில கம்பெனி ஒரே ஒரு செட்தான் எழுத விடும். ஊரே 'பிறகு பார்க்கலாம்' என்பதை அழுத்தும். அப்புறம், "டி டிரைவ் சும்மாதானுங்களே கெடக்குது" என்று அந்த அறைக்குள் காதுகுத்து வீடியோவைத் திணிக்கும், இடம் போதாவிட்டால் உள்ளே இருப்பதை அழிக்கவும் செய்யும்.

சொன்னபடி எழுதி வைக்கிற ஒரே ஜாதி, ரிட்டையர் ஆன பேங்க் அதிகாரிகள். அப்படி ஒருவர் சூலூர்ப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருந்தார். மூன்று டிவிடி, மேலே மார்க்கர் பேனாவில் தேதி, பீரோவில் நகைக்கடன் ரசீதுக்கும் எல்ஐசி பத்திரத்துக்கும் நடுவே. தம்பி பயபக்தியோடு வாங்கி முதல் டிஸ்க்கைப் போட்டார். இரண்டாவதும் போனது. மூன்றாவதைப் போடச் சொல்லித் திரை கேட்டபோது கவர் மட்டும் இருந்தது.

"மூணாவது எங்கீங்?"

வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "பளபளன்னு ஒண்ணு இருந்துச்சே, அதுங்களா? பிளேயர்ல போட்டுப் பாத்தனுங், பாட்டே வரலை. தக்காளிக் காட்டுல மயிலுக்குக் கட்டி உட்டாச்சு."

தம்பி காட்டுக்குப் போனார். சணல் கயிற்றில் டிஸ்க் காற்றுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அவிழ்த்து வந்து சோப்புப் போட்டுக் கழுவி, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மெதுவாகத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"சாயம் போச்சுங்."

பேங்க்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கம்பெனியில் அச்சடித்து வருகிற சினிமா டிஸ்க்கில் எழுத்து பிளாஸ்டிக்கிலேயே குழியாகப் பதிந்திருக்கும். நாமே வீட்டில் எழுதுகிற டிஸ்க்கில் எழுத்து ஒரு சாயப் பூச்சில் லேசர் சுட்ட தழும்பாகத்தான் இருக்கும். வெயில் அந்தச் சாயத்தைத் தின்றுவிடும். துணிக்குச் சாயம் போனால் திருப்பூர்க் கம்பெனிக்காரனிடம் சண்டைக்குப் போகலாம். இதற்கு யாரிடம் போவது?

"மயிலாச்சும் பயந்துச்சுங்களா?" என்றார் தம்பி.

"எங்கீங். அது இதுல மூஞ்சி பாத்துக்கிட்டு நிக்குது."

பாதி ரெக்கவரியில் நின்ற மெஷின் பழையதற்கும் ஆகாது, புதியதற்கும் ஆகாது. பொதுச்சொத்துக் கீயைப் போட பேங்க்காரர் சம்மதிக்கவில்லை. தம்பியின் சர்வீஸில் இப்படி ஒரு கஸ்டமர் அபூர்வம். கடைசியில் மெஷினைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் 25 எழுத்தை டார்ச் அடித்துப் படித்தார்கள். ஏழாவது எழுத்து எட்டா, பி-யா என்பதில் இருவருக்கும் அரைமணி நேரம் வாக்குவாதம்.

எல்லாம் போட்டு முடித்தாலும் தம்பி வீடு போய்ச் சேருமுன் போன் வந்துவிடும். முதல் புகார் நெட் வரவில்லை என்பது. லேன் டிரைவர் இல்லாமல் நெட் வராது, நெட் இல்லாமல் லேன் டிரைவரை இறக்க முடியாது. மதர்போர்டு சிடி எங்கே என்று கேட்டால், மறுபடி மயிலிடம் போக வேண்டும். இரண்டாவது புகார் இன்னும் மோசம்: தமிழ் காணோம். பாமினியிலும் வானவில்லிலும் அடித்து வைத்த பத்திரங்கள், ஜாதகங்கள் எல்லாம் ஃபான்ட் போனதும் வெறும் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் ஆகிவிடும். கல்யாணத் தகவல் மையத்தில் மாப்பிள்ளையின் நட்சத்திரம் இருந்த இடத்தில் இரண்டு கமா நிற்கும். இதே ஊரில், கொடிசியாவில், 2010 ஜூனில் செம்மொழி மாநாடு நடந்தது. அந்த ஜூனிலேயே யூனிகோடைத் தரமாக்கி அரசாணையும் வந்தது. டைப் அடிக்கிற அக்காக்களின் விரல் அரசாணைக்கு மசியவில்லை. தம்பி ஃபான்ட் போல்டரைப் பென் டிரைவில் தாயத்து மாதிரியே வைத்திருப்பார்.

கூலி பேசுவதும் ஒரு கலைதான். "எவ்வளவுங் தம்பி?" "நீங்க பாத்துக் குடுங்." பார்த்துக் கொடுப்பதை அவர் பார்க்காமல் வாங்குவார், லிஃப்ட்டிலோ பைக்கிலோ எண்ணுவார்.

2011 செப்டம்பரில் அரசின் இலவச லேப்டாப் வந்ததும் கிராமத்துக்குக் கிராமம் வேலை கிடைத்தது. அதில் விண்டோஸோடு சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் இருந்தது. "பாஸ் எதுக்குங், இடத்தை அடைச்சுக்கிட்டு" என்று தூக்கிவிடச் சொல்லி வந்த பசங்களுக்கு அளவில்லை. இப்போது டிவிடி டிரைவே இல்லை. விண்டோஸே 'இந்தக் கம்ப்யூட்டரை ரீசெட் செய்யட்டுமா' என்று கேட்கிறது. எஸ்எஸ்டியில் 39 நிமிடம் பத்துப் பன்னிரண்டாகிவிட்டது; காபி ஆறுமுன் வேலை தீர்ந்தால் நாயம் பேசுவது எப்போது? தம்பி சிசிடிவி மாட்டப் போய்விட்டார். தலையில் நரை. ஆனாலும் 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கை கழுவியதும், பழைய மெஷின்காரர்கள் காலண்டர் அட்டையைத் தேடி எடுக்கிறார்கள்.

போன மாதம் திருப்பூரில் ஒரு எம்பிராய்டரி யூனிட்டுக்குக் கேமரா மாட்டப் போனார். மூலையில் மஞ்சளேறிய ஒரு சிபியு, திரையில் அதே வால்பாறை. அதில் ஓடுகிற எக்ஸ்பி சாஃப்ட்வேருக்குச் சிடியும் இல்லை, செய்த கம்பெனியும் இல்லை. எம்பிராய்டரி மெஷின் பூராவும் அதை நம்பித்தான் ஓடுகிறது. முதலாளி தலையைச் சொறிந்தார். "கொஞ்சம் ஸ்லோவா இருக்குதுங். வந்ததும் வந்தீங்க, ஒரு ஃபார்மட் பண்ணிப்போடலாங்களா?"

தம்பி இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"அண்ணா, ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சீங்கல்ல? அதோட நிறுத்திக்குங்."