முதுகும் தரையும்: டெங்கில் வட்டார மலையேறிகளின் விரிப்புத் தேர்வு குறித்த ஒரு முன்னாய்வு

மலையேறப் போகிறவர் தம் முதுகுக்கும் மலைக்கும் இடையே எதை விரிக்க வேண்டும் என்னும் வினா தமிழாய்வுலகில் உரிய கவனம் பெறவில்லை. இப்பெருங்குறையைக் களையவே இக்கட்டுரை எழுந்தது. பெருங்குறை இல்லாத துறை எதையும் நான் பார்த்ததில்லை. ஒவ்வோர் ஆய்வேட்டின் முதல் பத்தியிலும் ஒன்று தவறாமல் கிடக்கிறது. முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966-ல் நம் கோலாலம்பூரில்தான் கூடியது. அன்று தொட்டு உறக்கம் பற்றிய களப்பணி இடையறாது நடந்துவருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. எந்த மாநாட்டுக்குப் போனாலும் பிற்பகல் இரண்டு மணி அமர்வில் முன்வரிசைப் பேராசிரியர்கள் அதில் ஆழ்ந்திருக்கக் காணலாம். ஆனால் அவர்கள் நாற்காலியை மட்டுமே ஆய்ந்தார்கள். தரைக்கு இறங்கவில்லை.

ஆய்வெல்லை

வடக்கே புத்ராஜெயாவும் சைபர்ஜெயாவும், தெற்கே சாலாக் திங்கி, மேற்கே பந்திங் போகும் சாலை, தலைக்கு மேலே விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள். இவற்றுக்கு உட்பட்ட டெங்கிலே ஆய்வுக்களம். டெங்கிலில் மலை ஏது என்று புறத்தேர்வாளர் கேட்கக்கூடும். பாயா இண்டா சதுப்பு நிலமும் பழைய ஈயக் குட்டைகளும்தான் இருக்கின்றன, உண்மை. ஆயினும் ஊரை ஒட்டி ஓடும் லங்காட் ஆறு, சிலாங்கூரின் உயர்ந்த மலைகளில் ஒன்றான நுவாங்கின் (1,493 மீட்டர்) சரிவில் பிறந்து வருகிறது. நுவாங் ஓடையில் முகம் கழுவியவரின் வியர்வை டெங்கிலைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். ஆகவே நீரியல்படி டெங்கில் ஒரு மலைநகரம். இதை யாரும் மறுத்து எழுதாத வரை நிறுவப்பட்டதாகவே கொள்க.

எதிர்க்கொள்கை

‘பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது’ என்பது நம் துறையையே ஒழித்துக்கட்டப் பார்க்கும் பழமொழி. இதைச் சொன்னவர் எந்த விரிப்பில் கிடந்து சொன்னார், ஒருக்களித்துப் படுப்பவரா மல்லாந்து படுப்பவரா, வயது என்ன என்ற தரவுகள் இல்லை. இருபது வயதுக்காரராக இருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய இடுப்பெலும்பு எல்லாவற்றையும் அறியும் (அத்தை, வாய்மொழித் தரவு).

வகைப்பாடு

விரிப்புகள் ஐந்து வகைப்படும். ஆறு என்பாரும் உளர். ‘பாய்’ என்ற சொல்லின் வேரைத் தோண்டி நாற்பது பக்கம் போவது மரபு. நான் போகவில்லை.

கோணிச் சாக்கு: அரிக்கும்.

பழைய செய்தித்தாள்: குளிரும், ஆனால் படிக்கலாம்.

பாசார் மாலாம் பிளாஸ்டிக் பாய்: தைப்பூசத்துக்குப் பத்துமலையில் ஒரு குடும்பம், அவர்கள் சோற்றுச் சட்டி, கூட வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அனைவரையும் தாங்கும். மழை ஈரத்தைத் தடுக்கும். கூழாங்கல்லைத் தடுக்காது.

நுரைப் பாய்: ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் தடிமன், அரைக் கிலோவுக்கும் குறைந்த எடை. முள் குத்தினாலும் கவலையில்லை. பைக்கு வெளியே கட்டிக்கொண்டு போகலாம். மூங்கில் புதரில் மாட்டி நம்மைப் பின்னுக்கு இழுக்கும்.

காற்றுப் பாய்: ஏழெட்டு சென்டிமீட்டர் உயரம், மடித்தால் ஒரு தண்ணீர்ப் போத்தல் அளவு. ஓட்டை விழும் வரை சொர்க்கம்.

தானே உப்பும் பாய்: இதன் வரலாறு சுவையானது. 1970-களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தபோது, சியாட்டிலில் வேலையிழந்த பொறியாளர்களில் ஜிம் லீ, நீல் ஆண்டர்சன் இருவரும் அடக்கம். தோட்டத்தில் மண்டியிட வைத்திருந்த நுரைத் துண்டில் லீ முழங்காலை ஊன்றியபோது ‘உஸ்’ என்று காற்று வெளியேறியது. நுரையை உறைக்குள் அடைத்து ஒரு திருகு வைத்தால், திறந்ததும் காற்றைத் தானே இழுத்துக்கொள்ளாதா என்று யோசித்தார்கள். இழுத்துக்கொண்டது. ஆகாய விமானம் செய்தவர்கள் தரையில் படுக்க வழி கண்ட கதை இது.

ஆர் மதிப்பு என்னும் மாயை

மாமாக் கடையில் நான்கு மலையேறிகள் உட்கார்ந்தால் தே தாரிக் ஆறுவதற்குள் ஆர் மதிப்பு வந்துவிடும். ஒரு விரிப்பு உடல் வெப்பத்தைத் தரைக்கு விடாமல் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. முன்பு ஆளுக்கொரு முறையில் அளந்து அட்டையில் அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். 2018-ல் வந்த ஏ.எஸ்.டி.எம். எஃப் 3340 என்ற தரம் எல்லோருக்கும் ஒரே சோதனையை வைத்தது: மேலே உடம்புக்குப் பதிலாக 35 பாகை செல்சியசில் ஒரு தகடு, கீழே நிலத்துக்குப் பதிலாக 5 பாகையில் ஒரு தகடு, நடுவில் பாய்.

நல்ல சோதனைதான். ஆனால் டெங்கில் மண் தோன்றிய நாள் முதல் 5 பாகையைக் கண்டதில்லை. இரவில் 24 பாகை வந்தாலே நாம் போர்வை தேடுகிறோம். நம் மலைப் பாதை முகாம்களுக்கு நுரைப் பாயின் ஆர் மதிப்பாகிய இரண்டே மிகுதி. பனிமலைக்கு உரிய ஆறு, ஏழு மதிப்புள்ள பாயைப் பல நூறு வெள்ளி கொடுத்து வாங்கி வந்த தோழர் ஒருவரை அதிகாலையில் அதிலிருந்து உரித்தெடுக்க வேண்டியதாயிற்று. வெற்று முதுகும் வழவழப்பான உறையும் வியர்வையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்தத் தரத்தில் சோதனை இல்லை. அவர் எழுந்தபோது கேட்ட ஓசையை எழுத்தில் பெயர்க்க உயிர்மெய் போதாது.

ஒரு பக்கம் வெள்ளிபோல் பளபளக்கும் மலிவு விலைப் பாயில் அந்தப் பக்கம் மேலே வர வேண்டுமா கீழே போக வேண்டுமா என்பதில் மேல்வெள்ளியார், கீழ்வெள்ளியார் என இரு பிரிவினர் உண்டு. உடம்பு ஒட்டிக் கிடக்கையில் அந்தப் பளபளப்பு வெப்பத்தைத் திருப்பி அனுப்ப இடைவெளியே இல்லை. எனவே சண்டை தொடரும்.

முரசுகட்டில் நுரைமெத்தைக் கோட்பாடு

இனி ஆய்வின் உயிர்நிலை. நுரை மெத்தையைக் கண்டவர் தமிழரே.

சிரிப்பவர்கள் புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டைத் திறக்கட்டும். மோசிகீரனார் என்னும் புலவர், சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனைக்கு வருகிறார். நடந்தே வந்திருக்க வேண்டும். அன்று கிராப் இல்லை. முரசை நீராட்ட எடுத்துப் போயிருக்கிறார்கள், கட்டில் காலியாகக் கிடக்கிறது. அது இன்ன கட்டில் என்று தெரியாமல் ஏறிப் படுத்துத் தூங்கிவிடுகிறார். வெட்டிப் போட்டிருக்கலாம். அரசனோ விசிறியை எடுத்து வீசுகிறான். 1894-ல் உ.வே.சா. புறநானூற்றை அச்சில் கொண்டுவந்ததிலிருந்து நாமும் மேடைதோறும் அந்த விசிறியை வீசிக்கொண்டிருக்கிறோம். மன்னனின் தமிழ்ப்பற்று பற்றி எழுதியவர்களை அடுக்கினால் டெங்கிலிலிருந்து காஜாங் வரை போகும். அவர்களில் ஒருவராவது கட்டிலைத் தடவிப் பார்த்தாரா? அதில் பரப்பியிருந்த பூவிரிப்பு எண்ணெயின் நுரையை முகந்து வைத்ததுபோல் இருந்தது என்று படுத்தவரே சாட்சி சொல்கிறார். நுரை, ஐயா, நுரை!

இதனால் பெறப்படுவன. மோசிகீரனார் முதுகில் பை சுமந்த பயணி. பை இருந்ததற்குச் சான்று இல்லை என்பதே பை களவு போனதற்குச் சான்று. அவர் படுத்தது நுரை. தூக்கம் ஆழ்ந்த தூக்கம். ஆயுதம் தாங்கிய அரசன் பக்கத்தில் நின்றும் விழிக்கவில்லை. இத்தகைய கடுஞ்சோதனைக்கு எந்த நிறுவனமும் தன் பாயை உட்படுத்துவதில்லை (காண்க: அத்தை, வாய்மொழித் தரவு, திருத்திய இரண்டாம் பதிப்பு, முதல் பதிப்பிலிருந்த குறட்டை பற்றிய பகுதி மாமாவின் வேண்டுகோளுக்கிணங்க நீக்கப்பட்டது).

மறுதரப்பினர் நெடுநல்வாடையைத் தூக்கிக்கொண்டு வருவர். அங்கே பாண்டிமாதேவிக்கு நாற்பது வயது யானையின் தந்தத்தில் கால் கடைந்த கட்டில், அன்னத்தின் தூவி பரப்பிய அணை. இன்று பறவை இறகு அடைத்த மிக விலையுயர்ந்த காற்றுப் பாய்களுக்கு ஈடான ஏற்பாடு. அம்மையாருக்குத் தூக்கம் வரவில்லை. கணவன் பாசறையில் இருந்ததுதான் காரணம் என்று உரைகாரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அணை எத்தனை அங்குலம் என்று யாரும் கேட்கவில்லை. இரு சான்றுகளையும் ஒப்பிட்டால், தூங்கியவருக்கு விசிறி இருந்தது தெரியவரும். நம் நாட்டுக் காட்டில் கீழே போடுவதைவிட மேலே காற்று வருவதே முக்கியம் என்ற இம்முடிவு, கவனக்குறைவால், உண்மையாகவும் அமைந்துவிட்டது.

சேரனின் எண்ணெய் நுரைக்குப் பிறகு நுரைப் படுக்கை 1929-ல்தான் மீண்டும் தலைகாட்டுகிறது. டன்லப் நிறுவன வேதியியலார் மர்பி, வீட்டில் கேக் மாவு அடிக்கும் கருவியால் ரப்பர் பாலை அடித்து நுரைக்க வைத்தார். இடையில் பல நூற்றாண்டு வெற்றிடம். இத்தகைய வெற்றிடங்களை அறிஞர்கள் கடல்கோளால் நிரப்புவது வழக்கம். நான் ரப்பர் பாலால் நிரப்புகிறேன்.

முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் படையதிகாரிகள் 1921-ல் இங்கே பிராங் பெசார் தோட்டத்தைத் தொடங்கினார்கள். அங்கே ஒட்டுக்கட்டி உருவாக்கிய ரப்பர் இனங்கள் இன்றும் ‘பி.பி.’ என்ற எழுத்துகளோடு உலகமெங்கும் நடப்படுகின்றன. பால் வெட்டியவர்கள் நம் ஆட்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும், நெற்றியில் விளக்கு, கையில் உளி, தோளில் வாளி. ஆக சங்க நுரையின் தொடர்ச்சி தமிழ்க் கைகளிலேயே இருந்தது, நிறுவியாயிற்று. அந்தக் கைகளுக்கு உரியவர்கள் லயத்தில் எதன் மேல் படுத்தார்கள் என்று கேட்டால், பாய், பாய்க்குக் கீழே பலகை (அத்தை, மேலது, பல இடங்களில், அத்தை இவ்விடத்தில் பேச்சை மாற்றிக் கருவாட்டு விலைக்குப் போய்விட்டார், அப்பகுதி பின்னிணைப்பாகத் தரப்படும், தரப்படாமலும் போகலாம்). பிறகு அந்தத் தோட்டம் புத்ராஜெயா ஆயிற்று. குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தன. சுவர்கள் விரிசல் விட்டன. மெத்தை, ஒருவழியாக, தவணையில் வந்தது.

இன்றைய மலையேற்ற நுரைப் பாய் பெட்ரோலியத்தில் பிறக்கிறது, ரப்பரில் அல்ல என்று வேதியியலார் குறுக்கிடுவர். வேதியியல் தமிழாய்வில் சேராது.

கடல்வழிச் சான்றுகள்

1926-ல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிப் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் வழியே சிங்கப்பூர் வரை 1970-களின் தொடக்கம் மட்டும் ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம். அறை கிடையாது, தன் பாயைத் தானே கொண்டுவந்து தளத்தில் விரித்துக்கொள்ள வேண்டும், ஏறத்தாழ ஒரு வாரம். படுக்கையைச் சுமந்து ஊர் கடப்பவரே முதுகுப்பைப் பயணி எனில், நம் பாட்டன் பாட்டிமார் அனைவரும் அவ்வகையினர். எவரும் ஆர் மதிப்பு கேட்டதாகக் குறிப்பில்லை.

பாய்க்குப் பெயர்போன பத்தமடையிலிருந்து வந்த ஒருவரை இங்கே விட்டுவிட முடியாது. 1887-ல் அவ்வூரில் பிறந்த மருத்துவர் குப்புசாமி 1913-ல் மலாயா வந்து நெகிரி செம்பிலானில் தோட்ட மருத்துவமனையில் பணியாற்றினார். 1923-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பி சுவாமி சிவானந்தரானார். தாமிரபரணியில் ஊறிய கோரையில் நெய்த நயமான பத்தமடைப் பாய் துணிபோல் மடியும். எல்லாவற்றையும் விட்டுவிட்டார் எனில் பாயையும் விட்டிருக்க வேண்டும். சிரம்பான் வட்டாரத்தில் தேடல் தொடர்கிறது (பெட்ரோல் நிலையக் காசாளர், நேர்காணல், வரிசையில் பின்னால் நின்றவர் இடைமறித்ததால் முடிவுறாதது; இடைமறித்தவரின் கருத்து அச்சிடத் தக்கதன்று).

களப்பணி

நுவாங்குக்குக் கோல பாங்சுனிலிருந்து ஏற வேண்டும். முடிவே இல்லாத சாலை என்று பேர் வாங்கிய செம்மண் பாதையைக் கடந்தால் கெம் லோலோ. மேலே சொன்ன, உரித்தெடுக்கப்பட்ட தோழரின் பாய் அங்கே நள்ளிரவில் மெல்ல இறங்கத் தொடங்கியது. ரோத்தான் முள். விளக்கைப் பல்லில் கவ்விக்கொண்டு, பாயை மீண்டும் ஊதி, ஓடையில் பகுதி பகுதியாக அமுக்கிக் குமிழி தேடினார். ஓடை நீரோட்டமே குமிழிதான். கடைசியில் தம் கன்னத்தில் காற்றுப் படுகிற இடத்தைக் கண்டுபிடித்தார். ஈரம் காயாததால் ஒட்டு ஒட்டவில்லை. என் நுரைப் பாயை மடித்துப் பாதி தரச் சொன்னார். கருதுகோள் வேறு, கொடை வேறு. ஊதும்போது வாயீரம் உள்ளே போய்ப் பாய் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் ஊதுபையால் நிரப்ப வேண்டும் என்ற பயனுள்ள செய்தியை மட்டும் அவருக்கு வழங்கினேன்.

பரிந்துரை

மல்லாந்து தூங்குகிறவர் நுரைப் பாயோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒருக்களிப்பவருக்கு இடுப்பும் தோளும் புதைய ஏழு சென்டிமீட்டர் காற்று வேண்டும். அதன் கீழே மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு, மேலே ஒரு பழைய கைலி. முட்டும் கையும் வெளியே தொங்காத அகலம் பாருங்கள். எடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அகலத்தை ஒளித்துவிடுவார்கள். கடையில் விரிக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றி, கண்ணை மூடிக் கால்மணி நேரம் படுங்கள். இடுப்பெலும்பு தரையைத் தொட்டால் வைத்துவிட்டு வாருங்கள். கடைப்பையன் “அண்ணே, கடை சாத்தணும்” என்று எழுப்பும்படி ஆனால், விலை கேட்கலாம். விசிறிக்குத் தனியாகச் சொல்லி வையுங்கள்.