வாங்க டாக்டரே, மூச்சு வாங்குதா?

வாங்க டாக்டர் தம்பி, இப்படி திண்ணையில உக்காருங்க. கழுத்துல தொங்குற அட்டையப் பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு, கொடைக்கானல் ஓட்டல்ல நடக்குற மாநாட்டுக்கு வந்தவுகன்னு. அங்க மேடையில ஒருத்தர் தொண்டைத்தண்ணி வத்தப் பேசிக்கிட்டிருப்பாரு. நீங்க இங்க பூம்பாறையில படிக்கட்டு வயலப் போட்டோ எடுக்குறீக. தப்புன்னு சொல்ல மாட்டேன். எங்க குழந்தை வேலப்பர் சாமியக் கும்பிட்டாலும் ஞானம் வரும். அவருக்கு மைக்கும் வேணாம், ஸ்லைடும் வேணாம்.

நீங்க எதுக்கு டாக்டரு? நெஞ்சுக்கா! அப்ப உங்ககிட்டதான் கேக்கணும்.

என் பேத்தி நர்ஸு. போன்ல எதையாவது படிச்சு எனக்குச் சொல்லிக்கிட்டே இருப்பா. 2006-ல அமெரிக்காவுல, சான் டியேகோவுல, நெஞ்சு டாக்டருங்க சங்கத்து மாநாடு. சுமார் 15,000 பேரு. அம்புட்டுப் பேரும் வந்துபோன விமானத்தால வானத்துல சேர்ந்த கரியமில வாயு 10,000 டன்னுக்கு மேலயாம். கணக்குப் போட்டது எதிராளியா? இல்லப்பா, அதே நெஞ்சு டாக்டருங்கதான்! ஊருக்கெல்லாம் "புகை பிடிக்காதே"ங்குறவுக, ஒண்ணாக் கூடி வானத்துக்குப் பீடி பத்த வச்சிருக்கீகளே, நியாயமா?

2008-ல இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகை பி.எம்.ஜே. இதுக்குன்னே ஒரு பட்டிமன்றம் வச்சதாம். இந்த மாநாடெல்லாம் பூமிக்குக் கட்டுபடியாகாதுன்னு மால்கம் கிரீன் ஒரு பக்கம், ஆளும் ஆளும் பாத்துப் பேசாம எப்பிடின்னு ஜேம்ஸ் டிரைஃப் மறு பக்கம். தீர்ப்பு சொல்லத்தான் நம்ம சாலமன் பாப்பையா அங்க இல்லாமப் போயிட்டாரு.

உங்க ஆளுங்களுக்குச் சிக்கனம் தெரியாதுன்னும் சொல்ல முடியல. நம்ம மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரியப் பாருங்க. அவுக கண்புரை ஆபரேஷன 2017-ல வெளிநாட்டு ஆளுங்களும் சேர்ந்து ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காக. ஒரு ஆபரேஷனுக்குச் சுமார் 6 கிலோ கரியமில வாயுதானாம். அதே ஆபரேஷனுக்கு இங்கிலாந்துல ஆகுறதுல இருபதுல ஒரு பங்கு! இப்ப அந்த சான் டியேகோ கணக்க ஆள் தலைக்குப் பிரிங்க. ஒருத்தர் போய் வந்ததுக்கு அறுநூறு கிலோவுக்கு மேல வரும். நூறு பேருக்குக் கண்ணத் தொறந்து விட்டிருக்கலாம். நீங்க ஒருத்தரு போய்ப் பார்வைய விசாலமாக்கிட்டு வந்திருக்கீக. எது லாபமுன்னு படிச்சவுக நீங்களே சொல்லுங்க.

பை நல்லாருக்கே, கம்பெனி பேரெல்லாம் அச்சடிச்சு! மருந்துக் கம்பெனி டிக்கெட்டுல மாநாட்டுக்குப் போகக் கூடாதுன்னு மருத்துவக் கவுன்சில் 2009-லயே விதி போட்டாச்சாம். நீங்க சொந்தக் காசுலதான் வந்திருப்பீக. பையும் கடையில வாங்கினதாத்தான் இருக்கும். ஆமா, மலை ஏற வண்டிக்கு இ-பாஸ் எடுத்தீகளா? 2025 கோடையில கோர்ட்டு சொல்லி, கொடைக்கானலுக்கு நாளைக்கு 4,000 வண்டி, சனி ஞாயிறுன்னா 6,000ன்னு அளந்து விட்டாங்க. அந்த வரிசையில நாலு பேரு நாலு கார்ல தனித்தனியா வந்து, ஒரே மேசையில உக்காந்து, சுற்றுச்சூழலும் சுவாசமும்னு பேசுறது இருக்கே, அது உங்களுக்கு மட்டும் வாய்ச்ச சாமர்த்தியம்.

எங்க மலை உங்க தொழிலுக்காகப் பட்ட பாடு ஏற்கெனவே நெறைய. உலகத்துக்கே காய்ச்சல் பாக்குற தெர்மாமீட்டர் இங்கதான் செஞ்சாங்க. பாதரசம் வெளிய கொட்டுன வெவகாரத்துல 2001-ல கம்பெனிய மூடினாங்க. மண்ணக் கழுவுற வேலை அதுக்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல இழுத்துது. ஊர்க் காய்ச்சல அளக்கப் போயி, மலைக்குக் காய்ச்சல் வந்த கதை அது.

பூண்டு வாங்கிக்கங்க தம்பி. 2019-ல புவிசார் குறியீடு வாங்குன மலைப்பூண்டு. பறிச்சுக் கட்டித் தொங்கவிட்டு, புகை போட்டு வச்சா மாசக்கணக்குல கெடாது. வானத்துக்கும் அப்படித்தான் புகை போட்டு வைக்கிறீகளோ என்னமோ, கெட்டுப் போகாம இருக்கட்டும்னு!

சரி, கிழவன் கேலியோட விட்டுட்டான்னு சொல்லக் கூடாது. உங்களுக்கு அஞ்சு வருஷத்துக்கு முப்பது மணி நேரம் தொடர் படிப்பு வேணுமாம். அத மலை ஏறித்தான் படிக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? இ-சஞ்சீவனின்னு ஒண்ணு 2020 ஊரடங்குல இருந்து ஓடுது. என்ன மாதிரி கிழவன் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு போன்லயே டாக்டரப் பாத்துக்கலாமாம். நோயாளி டாக்டரப் பாக்க போன் போதும், டாக்டரு டாக்டரப் பாக்க மட்டும் விமானம் வேணுமா?

கத்தி பிடிக்கிற வித்தைய நேர்லதான் கத்துக்கணும், ஒத்துக்குறேன். அதுக்குப் போங்க. முதல் தடவையாப் போற சின்னப் பசங்களுக்கு வழிச்செலவு குடுத்து அனுப்புங்க. சும்மா கேக்குற பேச்ச அந்தந்த மாவட்டத்துல கூடி, திரையில கேளுங்க. மலைக்குத்தான் வரணும்னா கொடை ரோடு வரைக்கும் ரயில்ல வந்து, அங்கேருந்து எல்லாரும் ஒரே பஸ்ஸுல ஏறுங்க. வளைஞ்சு வளைஞ்சு போற பாதையில அரட்டை அடிச்சாலே பாதி மாநாடு முடிஞ்சிரும்.

மிச்சமாகுற நாள்ல ஓ.பி.யில உக்காருங்க தம்பி. இந்த மலையிலேருந்து இறங்கி மதுரை பெரியாஸ்பத்திரிக்கு வர்றவுகளுக்கு, "டாக்டரு மாநாட்டுக்குப் போயிருக்காரு"ங்குற சேதி எந்த நோய்க்கும் மருந்தாகாது.