கோணமலைக் காணி உறுதி

ஜெருசலேமில் ஒரு குன்று இருக்கிறது. "முதலில் வந்தது நாங்கள்" என்று இரண்டு கூட்டம் சண்டை பிடிக்க, நடுவில் துப்பாக்கியோடு பொலிஸ்காரர் நிற்பார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்து உச்சுக்கொட்டும் திருமலை என்ற திருகோணமலைக்காரர்கள் அப்படியே எழுந்து வாசலுக்கு வந்து கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையை ஏறிட்டுப் பார்க்கலாம். நம்மிடமும் ஒன்று இருக்கிறது. இங்கே நிற்பது இராணுவம். கடல் காட்சி இலவசம்.

இந்தக் காணிக்கு முதலில் உரிமை கோரியவர் இராவணன். தாய் வணங்கட்டுமென்று மலையையே பெயர்த்துக்கொண்டு போகப் பார்த்தாராம். அவர் வாள் பட்ட இடம் 'இராவணன் வெட்டு' என்று இன்றும் பிளந்து கிடக்கிறது. இருக்கிற காணியில் உட்காராமல், காணியையே வீட்டுக்குத் தூக்கிப்போக நினைத்த ஒரே உரிமையாளர் அவர்தான்.

அடுத்த ஆவணம் மகாவம்சம். மகாசேனன் என்ற அரசன், திருகோணமலையின் பழைய பெயரான கோகண்ணத்தில் இருந்த தெய்வக் கோயிலை அழித்து விகாரை கட்டினான் என்று அது சொல்கிறது. சிங்களத் தேசியவாதி அதன் பின்பாதியை வாசித்து, "பார்த்தீர்களா, எங்கள் விகாரை" என்கிறார். தமிழ்த் தேசியவாதி முன்பாதியை வாசித்து, "பார்த்தீர்களா, அதற்கு முந்தியே எங்கள் கோயில்" என்கிறார். முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் கோணேசர்மேல் தேவாரம் பாடினார். இராமேஸ்வரத்தில் நின்றபடியே பாடினார் என்பது மரபு. கடல் கடக்காமல் உரிமைக்குரல் கொடுக்கும் நம் வழக்கம் அவ்வளவு பழையது.

பிறகு கப்பல்கள் வரத் தொடங்கின. 1620-ல் டென்மார்க்கிலிருந்து ஓவே கெட்டே என்ற இளைஞர் வந்தார். கண்டி மன்னன் செனரத்தின் தூதராகப் போய் டென்மார்க் அரசனுக்கு ஆசைகாட்டிக் கூட்டிவந்த பொஷோவர் என்ற ஒல்லாந்தர், வழியிலேயே செத்துப்போனார். கரையிறங்கிய பின்தான் விஷயம் தெரிந்தது: செத்தவர் கொடுத்த வாக்கை ஏற்க மன்னருக்கு மனமில்லை. இழுபறிக்குப் பிறகு திருகோணமலையில் கோட்டை கட்ட இணக்கம் கிடைத்தது. தொடங்கினார்கள், முடிக்கவில்லை. தஞ்சை இரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியில் இடம் கொடுக்க, அங்கே போய்க் குடியேறினார்கள். "சரி, வருகிறோம்" என்று கும்பிட்டுவிட்டுப் போன ஒரே கூட்டம் இவர்கள்தான். அதனால்தானோ என்னவோ, ஊரில் இவர்கள் பெயர் ஒருவருக்கும் நினைவில்லை.

போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா அப்படிக் கும்பிடுகிற ஆள் இல்லை. கோயிலை இடித்தார். அதே கல்லை வைத்து 1624-ல் கோட்டை கட்டினார். கல்லுக்கும் ஏற்றுகூலிக்கும் ஒரு சதம் செலவில்லை. இன்றைய கொந்தராத்துக்காரர்கள் கேட்டால் பொறாமையில் வெந்துபோவார்கள். 1639-ல் ஒல்லாந்தர் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்து கோட்டையைப் பிடித்தார்கள். பறங்கியை விரட்ட ஒல்லாந்தனை அழைத்ததைச் சிங்களவர் 'இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை' என்பார்கள். அதன்பின் வந்தது 1782. ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரென் பிடித்தார். சமாதானம் பேசி முடிந்ததும் கோட்டை பழையபடி ஒல்லாந்தர் கைக்கே போயிற்று. கொடி தைக்கிற தையல்காரர் ஒருவர் அப்போது ஊரில் இருந்திருந்தால் கல்வீடே கட்டியிருப்பார். 1795-ல் ஆங்கிலேயர் திரும்ப வந்தார்கள், கோட்டைக்கு பிரெடெரிக் என்று தங்கள் இளவரசர் பெயரை வைத்தார்கள், நன்றாகக் காலை நீட்டிக்கொண்டார்கள்.

1948-ல் அதே ஆங்கிலேயர் பெப்ரவரியில் இலங்கைக்குச் சுதந்திரம் கொடுத்தார்கள். மே மாதம் பலஸ்தீனத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். திருமலைத் துறைமுகத்தை மட்டும் 1957 வரை விடவில்லை. வீட்டை விற்ற பிறகும் மாமரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்திருக்கும் பழைய சொந்தக்காரரைப் போல.

அவர்கள் போனதும் காணிப் பிரச்சினை தீர்ந்ததா? 1968-ல் தமிழரசுக் கட்சியின் சார்பில் அமைச்சராயிருந்த மு. திருச்செல்வம், கோணேசர் கோயில் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராய ஒரு குழு போட்டார். ஒரு பிக்கு எதிர்த்தார். பிரதமர் டட்லி சேனநாயக்க குழுவை நிறுத்தினார். அமைச்சர் பதவி விலகினார். கட்சியும் அரசிலிருந்து வெளியேறியது. கோணேசர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இதற்கிடையில் மலையடிவாரத்துக்கு வெளியே, கந்தளாயிலும் அல்லையிலும், அரசு குடியேற்றங்கள் நடத்திக்கொண்டிருந்தது. 1881-ல் மாவட்டத்தில் ஆயிரம் பேரைத் தொடாத சிங்களவர் 1981-ல் மூன்றில் ஒரு பங்கினர்.

நிஜ இஸ்ரேலும் நிஜ பலஸ்தீனமும் இந்தக் கதைக்குள் நுழைந்ததுதான் உச்சம். ஈரோஸ் என்ற தமிழ் ஆயுத இயக்கத்தின் பையன்கள் லெபனானில் பலஸ்தீன விடுதலை இயக்கத்திடம் பயிற்சி பெற்றார்கள். 1984-ல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசு கொழும்பு அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலுக்கு ஒரு அலுவலகம் திறக்க இடம்விட்டது. இஸ்ரேலிய நிபுணர்கள் படையினருக்குப் பாடம் எடுத்தார்கள். இஸ்ரேலிய உளவு அமைப்பான மொசாட்டின் முன்னாள் ஆள் விக்டர் ஒஸ்ட்ரோவ்ஸ்கி 1990-ல் இன்னும் ஒருபடி மேலே போனார். தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒருவரை ஒருவர் அறியாமல் மொசாட்டே பயிற்சி கொடுத்தது என்று எழுதினார். உண்மையோ புளுகோ, ஜனாதிபதி பிரேமதாச அதை விசாரிக்க ஒரு ஆணைக்குழுவே அமைத்தார். அந்தப் பயிற்சிகளுக்குப் பிறகு ஊரில் நடந்தது சிரிக்கிற விஷயமல்ல, தாண்டிப் போகிறேன்.

கோணேசரைக் கும்பிட இன்றும் கோட்டை வாசல் வழியாக, இராணுவ முகாமைக் கடந்துதான் ஏறவேண்டும். வழிநெடுகப் புள்ளிமான்கள் மேயும். அவற்றிடம் யாரும் உறுதி கேட்பதில்லை.

2012 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 40 வீதம், தமிழர் 31, சிங்களவர் 27. மூன்று பேருமே இங்கே சிறுபான்மை. ஆகவே "திருமலை எங்களுடையது" என்று அடுத்த மேடையில் ஒருவர் முழங்கினால், எந்த மொழியில் முழங்கினாலும், கையைத் தூக்கி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, அந்த 'எங்கள்' எத்தனை வீதம்?"