வெடியும் விளம்பரமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போட்டால் தீபாவளிக்கு மதுரை, சென்னை ஆர்டரெல்லாம் வீடு தேடி வரும் என்கிறான் என் மகன். போடட்டுமா? (பட்டாசுக் கடைக்காரர், ஆனைக்குட்டம்)

பதில்: போடட்டும், அண்ணாச்சி, ஆர்டர் வரும் என்ற ஆசையை மட்டும் முதலிலேயே விட்டுவிடட்டும். ஃப்ளிப்கார்ட், அமேசான் உள்ளிட்ட எந்த இணைய வணிகத் தளமும் ஆர்டர் ஏற்றுப் பட்டாசு விற்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23ஆம் தேதி உத்தரவிட்டிருப்பதும், பட்டாசை வெடிபொருள் வகையில் சேர்த்து, அதற்குக் கட்டண விளம்பரம் கிடையாது என்று கூகிளும் மெட்டாவும் தத்தம் விதிகளில் எழுதிவைத்திருப்பதும் தங்கள் புத்திரனுக்குத் தெரியாதிருக்கலாம். தெரிந்தும், 'எல்லோரும் செய்கிறார்களே' என்பானாகில், அந்த எல்லோருடைய பெயரிலும் உரிமம் இல்லை, தங்கள் பெயரில் இருக்கிறது என்பதைச் சற்று நினைவூட்டுங்கள்.

ஆகவே தங்கள் ரீல்ஸினால் ஆகக்கூடிய காரியம் ஒன்றே: குடும்பத்தோடு கார் எடுத்துக்கொண்டு சிவகாசிப் பக்கம் சரக்கு வாங்க வருகிற மனிதரைத் தங்கள் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவது. அதற்கு ஆகாயத்தில் சிதறும் வாணத்தைக் காட்டிப் பிரயோஜனமில்லை. அடுத்த கடையில் வாங்கினாலும் அது அப்படியேதான் சிதறும். பெயர்ப்பலகை, சுவரில் மாட்டிய உரிமம், அர்ஜுனா நதி அணைக்கட்டிலிருந்து கடைக்கு வரும் வழி, பெட்டியின்மேல் உள்ள பசுமைப் பட்டாசு முத்திரையையும் கியூஆர் குறியையும் சரிபார்க்கும் விதம் ஆகியவற்றைத் தங்கள் சொந்தக் குரலில், சொந்த முகத்தோடு, ஒரு நிமிஷத்துக்குள் சொல்லுங்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டாம். பாட்டுக் கேட்டவர்கள் கடையின் பெயரைக் கேட்பதில்லை.

கேள்வி: '90 சதவீதம் தள்ளுபடி' என்று போட்டால்தான் ஜனங்கள் திரும்பிப் பார்க்கிறார்களாமே? (விருதுநகர் வியாபாரி)

பதில்: பார்க்கிறார்கள். ஆயிரம் ரூபாய்ச் சரக்கை நூறு ரூபாய்க்குக் கொடுப்பவர் ஒன்று தர்மப்பிரபுவாக இருக்க வேண்டும், அல்லது அந்த ஆயிரத்தைத் தாமே அச்சடித்தவராக இருக்க வேண்டும். நம் ஜில்லாவில் தர்மப்பிரபுக்கள் குறைவு, அச்சகங்கள் ஏராளம்.

கேள்வி: 'சிவகாசி நேரடி விலை' என்ற ஃபேஸ்புக் விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்பினேன், இப்போது அந்தக் கைப்பேசி அணைந்து கிடக்கிறது. என்ன செய்ய? (சென்னை வாசகி)

பதில்: அம்மணி, இந்தப் பத்தியைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திராமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். சைபர் குற்றங்களுக்கென்றே உள்ள உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு தூரம், பணம் கணக்குக்குக் கணக்கு ஓடுமுன் வங்கி அதை மறிக்க வழியுண்டு. தீபாவளிக்குத் தீபாவளி தமிழ்நாட்டுக் காவல்துறை இவ்விஷயமாக எச்சரித்தும், இந்த மோசடிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்குத் தொழிற்சாலை கிடையாது, கிடங்கு கிடையாது. முதலீடு என்பது, பிறர் கடையில் எடுத்த படமும் 'சிவகாசி' என்ற நான்கெழுத்துமே. இனிமேல் யாராவது 'ரயில் பார்சலில் வரும்' என்று சொன்னால் அங்கேயே பேச்சை முறித்துக்கொள்ளுங்கள். ரயிலில் பட்டாசு ஏற்றுவது 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

இதைப் படிக்கும் வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை: திருடப்படுவது இந்த அம்மணியின் பணம் மட்டுமன்று, உங்கள் ஊரின் பெயரும்தான். உங்கள் கடையின் பெயரில் போலிப் பக்கம் இருக்கிறதா என்று வாரம் ஒரு முறையாவது தேடிப் பார்த்துப் புகார் செய்யுங்கள். 'நாங்கள் முன்பணம் கேட்பதில்லை' என்ற வாக்கியத்தைப் பக்கத்தின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: ஃபாலோயர்களை விலைக்கு வாங்கலாமா? (திருத்தங்கல் இளைஞர்)

பதில்: வாங்கலாம். அவர்கள் உங்களிடம் ஒன்றும் வாங்கமாட்டார்கள்.

கேள்வி: மருந்து செலுத்துவதையும் திரி வைப்பதையும் படம் எடுத்துப் போட்டால் லட்சக்கணக்கானோர் பார்ப்பார்களே? (தொழிற்சாலைப் போர்மேன்)

பதில்: பார்ப்பார்கள், அவர்களில் முதலாமவர் அதிகாரியாக இருப்பார். மருந்து அறைக்குள் கைப்பேசியே போகக் கூடாதென்று தொழிலாளிக்குச் சொல்லுகிற நீங்களே அதைக் கையில் பிடித்து நிற்பது என்ன நியாயம்? 2018ஆம் வருஷத் தீர்ப்பு தடுத்த சரவெடியை 'ஸ்பெஷல் ஐட்டம்' என்று காட்டும் புத்திசாலிகளும் உண்டு. சர்க்கார் சாட்சி தேடி அலையும் சிரமத்தைக் குறைக்கிறார்கள் என்ற அளவில் அவர்களைப் பாராட்டலாம்.

கேள்வி: கைப்பேசியிலேயே தேதி பார்க்கும் காலத்தில் காலண்டருக்கு என்ன விளம்பரம்? (சிவகாசி அச்சகத்தார்)

பதில்: கேட்பவர் யார் என்று பார்த்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த பிறகு, பெட்டிக்கு லேபிள் வேண்டியே உங்கள் ஊரில் அச்சுத்தொழில் தழைத்தது. எழுத்தறியாதவரும் சேவல் மார்க், மயில் மார்க் என்று கேட்டு வாங்கும்படி, படத்தைக் காட்டியே பாரத தேசமெங்கும் சரக்கு விற்ற ஊர் அது. வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் தம் கடைப்பெயரை வருஷம் 365 நாளும் தொங்கவிட்டு, அவர் தினந்தோறும் தம் கையாலேயே தாளைக் கிழித்து அதைப் பார்க்கும்படி செய்த உங்களுக்கா ஃபேஸ்புக் பாடம் சொல்லவேண்டும்? ஆடிப்பெருக்கன்று வெளியிடுகிறீர்களே புது ஆல்பம், அதன் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவதை அப்படியே படம் பிடித்து, பழைய வாடிக்கையாளர் அனைவருக்கும் வாட்ஸ்அப்பில் அன்று மாலையே அனுப்புங்கள். 'ராகு காலம் பெரிய எழுத்தில் வேண்டும்' என்று பதில் எழுதுபவர் வந்தால் அவரைப் பத்திரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவரிடம் கைப்பேசி இருந்தும் காலண்டர் வேண்டியிருக்கிறது.

கேள்வி: தீபாவளிக்கு மறுநாள், 'உங்கள் புஸ்வாணம் நமத்துப்போனது' என்று ஒருவர் பக்கத்தில் எழுதிவிட்டார். அழித்துவிடட்டுமா? (மீண்டும் ஆனைக்குட்டம் கடைக்காரர்)

பதில்: அழித்தால் இன்னும் பத்து இடத்தில் எழுதுவார். எல்லோரும் பார்க்க மன்னிப்புக் கேட்டு, அடுத்த முறை இந்தப் பக்கம் வரும்போது ஒரு பெட்டி புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் அதையும் எழுதுவார். எழுதாவிட்டாலும் மைத்துனரிடம் சொல்லாமல் இரார்.