கடன்காரன் போட்ட அகராதி

தமிழில் ‘கடன்காரன்’ என்பது விநோதமான சொல். கொடுத்துவிட்டு வாசலில் நிற்பவனும் கடன்காரன், வாங்கிவிட்டு உள்ளே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பவனும் கடன்காரன். கதவுக்கு இரண்டு பக்கமும் ஒரே பெயர். ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் இந்தச் சொல்லுக்கு மட்டும் அரைப் பக்கம் ஒதுக்கியிருப்பார். கதவின் உட்பக்கத்தில் அவருக்கு அவ்வளவு அனுபவம்.

லண்டன், காஃப் சதுக்கம், 17-ஆம் எண் வீடு. ஆங்கில மொழிக்கு அகராதி தயாராகிக்கொண்டிருந்த இடம். ஒருநாள் பால்காரர் பாக்கிக்காக ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்றும், நம் அகராதிக்காரர் கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, மாடி ஜன்னலில் தலையை நீட்டிக் கோட்டையைக் காக்கும் தளபதி தோரணையில் சொற்பொழிவாற்றினார் என்றும் ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, ஆளைத் தெரிந்தவர்கள் யாரும் ‘சேச்சே, அவரா!’ என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

சோர்வும் பணக்கஷ்டமும் அவருக்குப் பரம்பரைச் சொத்து. லிச்ஃபீல்ட் என்ற ஊரில் அப்பா மைக்கேல் ஜான்சன் புத்தகக் கடை வைத்திருந்தார். கூடவே ஒரு பட்டறையும் இருந்தது. வியாபாரம் நொடித்து, பட்டறையில் பாதி இடிந்து விழுந்தது. எடுத்துக் கட்டப் பணமில்லை. ஆனாலும் தினமும் ராத்திரி முன்கதவைப் பத்திரமாகப் பூட்டிவிட்டுத்தான் படுக்கப் போவார். பின்பக்கம் யார் வேண்டுமானாலும் நடந்து உள்ளே போகலாம். மகன் பிற்காலத்தில் இதைச் சொல்லி, ‘பைத்தியம் இல்லாமல் வேறென்ன’ என்கிற மாதிரி வருத்தப்பட்டார். எனக்கென்னவோ அப்படிப் படவில்லை. பேங்கில் நாற்பத்தேழு ரூபாய் இருக்கும்போது நானும்தான் மாதம் ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றுகிறேன்.

1728-ல் மகன் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தார். பதின்மூன்று மாதத்தில் பணம் தீர்ந்தது. ஷூ கிழிந்து விரல்கள் வெளியே எட்டிப் பார்த்தன. யாரோ ஒரு புண்ணியவான் இரக்கப்பட்டு, ஓசைப்படாமல் அறை வாசலில் புது ஜோடி ஒன்றை வைத்துவிட்டுப் போனார். ஜான்சன் அதைத் தூக்கி எறிந்தார். ரோஷம். கூடவே படிப்பும் போயிற்று.

ஊர் திரும்பியதும் மனிதர் சுருண்டுவிட்டார். மணிக்கூண்டு கடிகாரத்தை வெறித்துப் பார்ப்பார், மணி என்ன என்பது மட்டும் மண்டைக்குள் ஏறாது. சோர்வை உதறித் தள்ளுவதற்காக லிச்ஃபீல்டிலிருந்து பர்மிங்காம் வரை நடந்தே போய் நடந்தே திரும்புவார். போகவர முப்பது மைல். உதறிய சோர்வு எங்கேயும் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும்.

கடைசியில் ஒரு காரியம் செய்தார். தனக்கு என்னென்ன ஆகிறது என்று விலாவாரியாக எழுதி, தன் ஞானத்தந்தையும் வைத்தியருமான டாக்டர் ஸ்வின்ஃபெனுக்கு அனுப்பினார். எழுதியது லத்தீனில். தப்பு அங்கேதான். டாக்டர் படித்தார், அசந்துபோனார். இருபது வயதுப் பையனுக்கு என்ன லத்தீன்! நோயாளிக்கு மருந்து கொடுப்பதை விட்டுவிட்டு, கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்த் தெரிந்தவர்களிடமெல்லாம் காட்டினார். மூச்சு முட்டுகிறது என்று ஒருவன் எழுதியதில் இவர் வேற்றுமை உருபுகளை ரசித்துக்கொண்டிருந்தார். ஜான்சனுக்கு வந்த கோபம் லேசில் தணியவில்லை. பிற்பாடு பெரிய மனிதர்களும் இதையேதான் செய்யப்போகிறார்கள் என்று அப்போது தெரிந்திருக்க நியாயமில்லை.

அப்பா 1731-ல் இறந்தார். பங்காகக் கைக்கு வந்தது இருபது பவுண்டு. இந்தத் தொகையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

1735-ல் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 25 வயது, பெண்ணுக்கு 46. எலிசபெத் போர்ட்டர் என்ற விதவை; ‘டெட்டி’ என்று கூப்பிடுவார். காதல் கல்யாணம் என்று கடைசிவரை சாதித்தார், நான் நம்புகிறேன். டெட்டியிடம் கொஞ்சம் பணம் இருந்தது. அதை வைத்து எடியல் என்ற கிராமத்தில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். கைவிரல் விட்டு எண்ணும்படி சில பையன்கள் வந்தார்கள். அதிலும் ஒருவன், பிற்காலத்தில் நாடக மேடையை ஆண்ட டேவிட் காரிக், வாத்தியாரைப் போல நடித்துக் காட்டுவதிலேயே குறியாக இருந்தான். பள்ளிக்கூடம் இழுத்து மூடப்பட்டது. டெட்டியின் பணமும் பெரும்பாலும் அதோடு போயிற்று. 1737-ல் வாத்தியாரும் மாணவனும் சேர்ந்தே லண்டனுக்குப் பிழைக்கக் கிளம்பினார்கள். அப்போது தன் பையில் இரண்டரைப் பென்னிதான் இருந்தது என்று ஜான்சன் பின்னாளில் கதைவிடுவார்.

ஒன்பது வருஷம் பத்திரிகைக் கூலி. பிறகு 1746 ஜூன் 18-ஆம் தேதி லண்டன் பதிப்பாளர்கள் சிலர் ஒன்று சேர்ந்து அகராதி ஒப்பந்தம் போட்டார்கள். தொகை 1,500 கினி, அதாவது 1,575 பவுண்டு. எத்தனை நாளில் முடிப்பீர்கள்? மூன்று வருஷம். பிரெஞ்சு அகாதமியில் நாற்பது பேர் உட்கார்ந்து நாற்பது வருஷம் எடுத்தார்களே என்று நண்பர் ஒருவர் இழுத்தார். ஜான்சன் உடனே மனக்கணக்குப் போட்டார். நாற்பதை நாற்பதால் பெருக்கினால் ஆயிரத்து அறுநூறு. ஆக மூன்றுக்கு ஆயிரத்து அறுநூறு, இதுதான் ஆங்கிலேயனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் உள்ள விகிதம் என்றார். முன்பணம் கைக்கு வரும் நேரத்தில் எழுத்தாளனுக்கு இப்படித்தான் கணிதம் பொங்கும். எனக்கும் ஒருமுறை பொங்கியது. ஆறு மாதத்தில் தருகிறேன் என்று சொன்ன புத்தகம், ஆச்சு, இந்தத் தை வந்தால் நாலு வருஷம். பதிப்பாளர் பெயரைச் சொல்ல மாட்டேன், பாவம், அவர் இன்னும் என்னைக் கண்டால் சிரிக்கிறார்.

ஜான்சனுக்கு ஒன்பது வருஷம் ஆனது.

வேலை நடந்தது மேல்மாடியில், கூரைக்கு அடியில். ஆறு எழுத்தர்கள், அதில் ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஸ்காட்லாந்தைக் கிண்டல் செய்வதையே பொழுதுபோக்காக வைத்திருந்தவர் அகராதிக்காக நம்பியது அவர்களைத்தான். ஜான்சன் புத்தகம் புத்தகமாகப் படித்து, வேண்டிய சொல்லின் அடியில் பென்சிலால் கோடு போடுவார். எழுத்தர்கள் அந்த வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எடுத்து எழுதுவார்கள். அவற்றில் பல இரவல் புத்தகங்கள். திரும்பி வந்த புத்தகத்தைப் பார்த்தவர் மறுபடி இரவல் கொடுத்திருப்பாரா என்பது சந்தேகம். நாற்காலி விஷயத்திலும் சிக்கனம். விருந்தாளி வந்தால் அங்கிருந்த ஒரே முழு நாற்காலியை அவருக்குத் தந்துவிட்டு, மூன்று காலும் ஒரு கையுமாக மிஞ்சியிருந்ததில் ஜான்சன் உட்காருவார். பிரம்மாண்ட உடம்பு. சர்க்கஸில் கூடக் காசு வாங்காமல் காட்டமாட்டார்கள்.

நடுவில் ஒரு விபத்து. எழுதியதெல்லாம் தாளின் இரண்டு பக்கத்திலும் எழுதப்பட்டிருந்தது. அச்சுக் கோப்பவருக்கு அது உதவாது, ஒரு பக்கம்தான் எழுதியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் மறுபடி நகலெடுக்கத் தாள் செலவு மட்டும் இருபது பவுண்டு. பிள்ளைக்கு அப்பா விட்டுப்போன ஆஸ்தி, தாளுக்குப் பின்பக்கம் ஒன்று இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் கரைந்தது.

அகராதிப் பணம் எழுத்தர் கூலிக்கும் வீட்டுக்குமே இழுபறி. எனவே 1750-லிருந்து ‘ராம்ப்ளர்’ என்று ஒரு கட்டுரைத் தாள். வாரத்துக்கு இரண்டு, ஒன்றுக்கு இரண்டு கினி. அச்சகத்துப் பையன் வாசலில் நிற்க, உள்ளே கடைசிப் பத்தி தயாராகும். இரண்டு வருஷத்தில் 208 இதழ். சோம்பேறி என்று தன்னைத்தானே டைரியில் திட்டிக்கொண்டிருந்தவரின் கணக்கு இது. மனச்சோர்வில் இதுவும் ஒரு லட்சணம் போலிருக்கிறது. மாடாக உழைத்துவிட்டு, நாள் முழுக்கப் படுத்திருந்ததாகக் குற்றப்பத்திரிகை வாசிக்கும்.

டெட்டிக்கு உடம்பு சரியில்லை. அபினும் மதுவும் துணை. 1752 மார்ச்சில் ராம்ப்ளரின் கடைசி இதழ் வந்து சில நாளில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு ஜான்சன் மேல்மாடியை விட்டு இறங்குவதே குறைந்தது. டெட்டியை ஒருநாளும் பார்த்திராத அறை வீட்டிலேயே அது ஒன்றுதான் என்று காரணம் சொன்னாராம். இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை.

செஸ்டர்ஃபீல்ட் பிரபு வந்தால் வரும். 1747-ல் அகராதித் திட்டத்தை அவருக்குச் சமர்ப்பணம் செய்து ஜான்சன் போய் நின்றார். பிரபு பத்துப் பவுண்டு கொடுத்தார். அதற்கப்புறம் ஏழு வருஷம் ஆளையே காணோம். அகராதி வரப்போகிறது என்று தெரிந்ததும் 1754 கடைசியில் ஒரு பத்திரிகையில் புகழ்ந்து இரண்டு கட்டுரை எழுதினார். கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் வந்து உபயதாரர் கல்வெட்டில் இடம் பிடிக்கிற வித்தை. 1755 பிப்ரவரி 7-ஆம் தேதி ஜான்சன் ஒரு கடிதம் எழுதினார். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. குனிந்து வணங்கிக்கொண்டே கன்னத்தில் அறைகிற கடிதம். வாங்கியவர் வெட்கப்பட வேண்டும், இல்லையா? பிரபு அதை மேஜை மேல் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். பதிப்பாளர் டாட்ஸ்லி வந்தபோது தானே படித்துக் காட்டினார். எந்தெந்த இடத்தில் அடி பலமாக விழுந்திருக்கிறது, சொல்லாட்சி எவ்வளவு நேர்த்தி என்று சுட்டிக்காட்டிப் பாராட்டினார்.

டாக்டர் ஸ்வின்ஃபெனேதான். கோட்டு மட்டும் விலை உயர்ந்தது.

1755 ஏப்ரல் 15. இரண்டு பெரிய தொகுதி, 42,773 சொற்கள், விலை நான்கு பவுண்டு பத்து ஷில்லிங். கடைசித் தாளைக் கொண்டுபோன ஆள் திரும்பியதும், பதிப்பாளர் மில்லர் என்ன சொன்னார் என்று ஜான்சன் விசாரித்தார். ‘இவன் தொல்லை விட்டது, கடவுளுக்கு நன்றி’ என்றாராம். கடவுளுக்கு நன்றி சொல்லும் பழக்கமாவது அவருக்கு இருப்பதில் சந்தோஷம் என்றார் ஜான்சன். அகராதிக்குள்ளும் இதே குசும்பு. அகராதி எழுதுபவன் என்ற சொல்லுக்கு அருகில் தன்னையே கேலி செய்துகொண்டார். புரவலர் என்ற சொல்லுக்குச் செஸ்டர்ஃபீல்டை நினைத்தே பொருள் எழுதியது போலிருக்கும். குதிரைக் கால் சம்பந்தப்பட்ட ஒரு சொல்லுக்கு மட்டும் முழங்கால் என்று தப்பாகப் போட்டுவிட்டார். ஏன் இப்படி என்று ஒரு பெண்மணி கேட்டபோது வந்த பதில்: அறியாமை, அம்மா, சுத்த அறியாமை.

புத்தகம் முடிந்தால் சோர்வு போய்விடும் என்பது புத்தகம் முடிக்காதவர்களின் நம்பிக்கை. ஜான்சனுக்கு வேலை இல்லாத வெறுமையில் அது இன்னும் கெட்டியாக வந்து உட்கார்ந்தது. பணமோ எழுதி முடிக்கும் முன்பே தின்று தீர்ந்தாகிவிட்டது. 1756 மார்ச்சில், இங்கிலாந்தே புகழ்ந்த அகராதிக்காரர் கைது செய்யப்பட்டார். கடன் ஐந்து பவுண்டு பதினெட்டு ஷில்லிங். நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சனுக்கு அவசரமாகச் சீட்டு எழுதினார். அவர் ஆறு கினி அனுப்பினார். கடன் போக மிச்சம் எட்டு ஷில்லிங்.

இது அகராதித் தொழிலின் ராசியோ என்னவோ. நம் சென்னை வேப்பேரியில் 1779-ல் தமிழ்-ஆங்கில அகராதி அச்சிட்ட ஜெர்மன் பாதிரியார் ஃபப்ரிசியஸும் முதுமையில் பணவிவகாரத்தில் சிக்கிக் கடனுக்காகச் சிறை போனவர்தான்.

1756-லேயே ஜான்சன் அடுத்த முன்பணத்துக்கு வழி கண்டுபிடித்தார். ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்குப் பதிப்பு, சந்தா கட்டுங்கள் என்றார். கட்டினார்கள். புத்தகம் 1765-ல் வந்தது. சந்தாதாரர் பட்டியல் எங்கே என்று கேட்டதற்கு, பட்டியல் தொலைந்துவிட்டது, பணம் செலவாகிவிட்டது என்று உள்ளதைச் சொன்னார்.

நடுவே 1759 ஜனவரியில் லிச்ஃபீல்டில் அம்மா இறந்தார். ஏறக்குறைய இருபது வருஷமாகப் போய்ப் பார்க்கவில்லை. காரியச் செலவுக்கும், அம்மா வைத்துப்போன சில்லறைக் கடனுக்கும் பணம் வேண்டும். ஒரு வாரத்தின் மாலை வேளைகளில் உட்கார்ந்து ‘ராசலாஸ்’ என்ற கதையை எழுதினார். சந்தோஷத்தைத் தேடி ஊர் ஊராகப் போகும் இளவரசன் கதை. அது கிடைத்தால்தானே. நூறு பவுண்டு வந்தது, இரண்டாம் பதிப்புக்கு மேலும் இருபத்தைந்து. என்ன நடை, என்ன நடை என்று உலகம் தலையாட்டியது.

1762-ல் அரசாங்கம் வருஷத்துக்கு 300 பவுண்டு உதவித்தொகை தர முன்வந்தது. சங்கடம் என்னவென்றால், உதவித்தொகை என்ற சொல்லுக்கு அவருடைய அகராதி தேசத்துரோகிக்குக் கொடுக்கும் கூலி என்கிற ரீதியில் பொருள் சொல்லியிருந்தது. தன் புத்தகத்துக்குத் தானே பயந்த ஒரே அகராதிக்காரர் அவர்தான். நண்பர்களைக் கேட்டார். செய்ததற்காகத்தான் தருகிறோம், இனி எதையும் எதிர்பார்த்து அல்ல என்று மேலிடத்தில் சமாதானம் சொன்னார்கள். வாங்கிக்கொண்டார். ஷூவைத் தூக்கி எறிந்த பையனுக்கு இப்போது 52 வயது.

பால்காரர் தொல்லை தீர்ந்தது. சோர்வு தீரவில்லை. கடைசிக் காலம்வரை அதைக் கறுப்பு நாய் என்று பெயர் வைத்தே குறிப்பிட்டார். மதுபானத் தொழிலதிபர் திரேலின் வீட்டில் பெரும்பாலும் விருந்தாளியாக இருந்த வருஷங்களில், மனம் கலங்கும்போதெல்லாம் அவர் ஓடியது கணக்குப் பாடத்துக்கு. சும்மா கூட்டல், பெருக்கல். ஒருமுறை நாள் முழுக்க அறைக்குள்ளேயே கிடந்தார். திரேலின் மனைவி ஹெஸ்டர், இவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். ஜான்சன் எண்கள் நிரம்பிய தாளைக் காட்டினார். ஐந்து பவுண்டு பதினெட்டு ஷில்லிங்குக்கு வழி தெரியாமல் பிடிபட்டவர், தேசத்தின் கடனை எடுத்துப் போட்டிருந்தார். பதினெட்டுக் கோடிப் பவுண்டு. அத்தனையையும் வெள்ளியாக மாற்றினால் பூமி உருண்டையைச் சுற்றி ஒரு வெள்ளிப் பட்டை போடலாம் என்று விடை வந்திருந்தது. ஹெஸ்டர் இதை எழுதி வைத்திருக்கிறார். பட்டை எவ்வளவு அகலம் என்பது மட்டும் அவருக்கு மறந்துவிட்டது.