சென்டமும் சிமென்ட்டும்

பிளஸ் டூ கணக்கில் சென்டம் வாங்கியவன் நான். சுவர்ப் பூச்சுக்கு எத்தனை மூட்டை சிமென்ட் என்று மேஸ்திரி வாயைத் திறக்குமுன், கால்குலேட்டரைத் திறந்துவிட்டேன்.

பத்துக்குப் பன்னிரண்டு அறை, 120 சதுர அடி என்று கம்பீரமாக அறிவித்தேன். “சார், அது தரை” என்றார் மேஸ்திரி.

சரி, சுவர்தான். சுற்றளவு 44 அடி, உயரம் 10 அடி. 440 சதுர அடி. பூச்சு 12 மி.மீ. கனம் என்றால் 17 கன அடிச் சொச்சம். சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஆறு; ஏழில் ஒரு பங்கு சிமென்ட். மூட்டைக்கு ஒன்றேகால் கன அடி என்றால் இரண்டே மூட்டை! அன்று மாலைக்குள் கலவை தீர்ந்தது, சுவர் தீரவில்லை.

ரவையில் தண்ணீர் விட்டால் பொங்கும். கலவையில் விட்டால் அமுங்கும். அதனால் பூச்சின் கன அளவை 1.33-ஆல் பெருக்கவேண்டுமாம். செங்கல் இடுக்கு, சேதாரம் என்று மேலே 20 சதவீதம். ஆக, மூன்று மூட்டைக்கு மேல். இதெல்லாம் சிலபஸில் இல்லையே!

கதவு ஜன்னலையாவது கழித்து மிச்சம் பிடிக்கலாமென்று, சுவரின் இரண்டு பக்கத்திலும் கழித்துத் தள்ளினேன். கட்டட வேலையை அளக்கும் ஐ.எஸ். 1200 விதிப்படி, அரை முதல் மூன்று சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு ஒரு பக்கம்தான் கழிக்கவேண்டும். மறுபக்கம், ஓரங்களைப் பூசும் வேலைக்கு ஈடு. எனக்கோ ஜன்னலுக்கு ஓரம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

பூச்சு மணலான பி-சாண்டை மழை நாளில் இறக்கினேன். லோடு குவிந்து நின்றதைப் பார்த்து உள்ளூர ஒரு குஷி. ஈர மணல் கால் பங்குகூட உப்பிக்கொள்ளும் என்பது அது காய்ந்த பிறகுதான் உறைத்தது. யூனிட் கணக்கில் கொஞ்சம் காற்றும் வாங்கியிருக்கிறேன்.

அடுத்த அறைக்கு மேஸ்திரியையே கேட்டேன். சுவரை ஒரு பார்வை பார்த்தார். செங்கல் மேடுபள்ளத்தைக் கையால் தடவினார். “மூணரை வரும் சார்.” வந்தது. சென்டம் பேசாமல் இருந்தது.

இப்போது மச்சான் வீடு கட்டுகிறார். போனில் விசாரித்தார். நான் சும்மா இருப்பேனா? 1.33-இல் தொடங்கி ஐ.எஸ். 1200 வரை அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மாமா, அந்த மேஸ்திரி நம்பர் இருக்கா?” என்றார்.