குமிழியைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு வாழ்த்து

ஜி.எஸ்.டி. மன்றத்தாரைப் பாராட்டாமல் இருக்க மனம் வரவில்லை. 2017 ஜூலையில் காஸ் அடைத்த குளிர்பானத்துக்கு 28 சதவீத வரி போட்டார்கள். அதன் தலையில் 12 சதவீத இழப்பீட்டு மேல்வரி. 2025 செப்டம்பர் 3 அன்று கூடி, மேல்வரியை எடுத்துவிட்டு, 22ஆம் தேதி முதல் ஒரே வரியாக 40 சதவீதம் என்று அறிவித்தார்கள். 28-ம் 12-ம் 40. எட்டு வருஷம் கழித்தும் கூட்டலில் ஒரு பைசா பிசகவில்லை. உடம்புக்கு ஆகாத பொருளுக்கு வரியை ஏற்றிவிட்டார்கள் என்று ஊரும் பேசியது. கம்பெனிக்குப் பாரமும் கூடவில்லை. இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் குளிரவைப்பது லேசான காரியமா?

அவர்களுடைய கண்ணின் கூர்மையைச் சொல்ல வேண்டும். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்துப் பெட்டிக்கடைக்கு வாருங்கள். கம்பெனிக்காரர்களே கொடுத்த கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ். மேல்தட்டில் கலர் பாட்டில், கீழ்த்தட்டில் மாம்பழ ஜூஸ். மேல்தட்டுக்கு 40 சதவீதம். கீழ்த்தட்டுக்கு 12 இருந்ததை, அதே செப்டம்பரில் 5 ஆக இறக்கினார்கள். ஜூஸ் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால், 100 மில்லிக்கு 13, 14 கிராம் சர்க்கரை போட்ட வகைகள் கிடைக்கும். கலரில் ஏறக்குறைய 11. ஜூஸ் என்கிறோமே, அதில் பழச்சாறு 10 சதவீதம் இருந்தால் உணவுப் பாதுகாப்பு விதிக்குப் போதும். 200 மில்லி குடித்தால் ஆறேழு டீஸ்பூன் சர்க்கரை உள்ளே போகிறது. ஒரு நாள் முழுவதற்கும் சுமார் 25 கிராமோடு நிறுத்தினால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு அதிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் சர்க்கரை கரைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. குமிழி தெரியும். தெரிந்ததற்கு வரி போட்டார்கள்.

மனசு அதைவிட விசாலம். சர்க்கரையே இல்லாத டயட் பானத்துக்கும் அதே 40. கூடப் போட்டவர், குறையப் போட்டவர், போடாதவர் எல்லோருக்கும் ஒரே தராசு. பிரிட்டன்காரர்களுக்கு இந்தச் சமநோக்கு வரவில்லை. 2018 ஏப்ரலில், 100 மில்லிக்கு 5 கிராம், 8 கிராம் என்று கோடு கிழித்து, கோட்டைத் தாண்டினால் வரி என்றார்கள். பயந்துபோய்ப் பல கம்பெனிகள் அந்தத் தேதிக்கு முன்பே சர்க்கரையைக் குறைத்துவிட்டன. பக்கத்து இலங்கையும் 2017 நவம்பரில் கிராமுக்கு 50 சதம் என்று எண்ணி வாங்கத் தொடங்கியது. நம் மன்றத்தார் எந்தக் கம்பெனியையும் இப்படி அலைக்கழித்ததில்லை.

வசூலான பணத்திலும் பெருந்தன்மை. மத்திய அரசுக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதி என்று பொதுக்கணக்கில் கலந்துவிடுகிறது. சுகர்காரர்களுக்கென்று தனியே ஒதுக்கி வைக்கும் வழக்கம் இல்லை. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. ஜூஸைச் சல்லிசாக்குவதும் அரசு, மாத்திரை தருவதும் அரசு.

இதே காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளுக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கக் கட்டியது. தண்ணீர் சென்னைக்கு. ஆலையைத் தாண்டிப் போகும் லாரி டிரைவர் சித்திரை வெயிலில் கேபினை விட்டு இறங்கினால், கைக்கு முதலில் எட்டுவது பத்து ரூபாய் ஜூஸ். பாட்டில் தண்ணீருக்கும் வரியை 18இலிருந்து 5 ஆக இறக்கினார்கள். அது நல்ல காரியம், மனதார நன்றி. தண்ணீரையும் சர்க்கரைத் தண்ணீரையும் ஒரே படியில் உட்கார வைத்ததுதான் நெஞ்சை அறுக்கிறது.

மன்றத்தாரே, வாழ்த்து போதும். குமிழியை விடுங்கள். மேல்தட்டோ கீழ்த்தட்டோ, பானத்தில் எத்தனை கிராம் சர்க்கரை என்று பார்த்து வரி போடுங்கள். வரும் பணத்தில் ஒரு பங்கை, இந்தச் சாலையில் லாரிகள் நிற்கும் இடங்களில் குடிதண்ணீர்க் குழாய் வைக்கக் கொடுங்கள். அந்த மன்றத்தில் தமிழ்நாட்டு நிதியமைச்சருக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது; அடுத்த கூட்டத்தில் அவர் இதைக் கேட்க வேண்டும்.